கூந்தன்குளத்தில் கூட்டாளியோடு பறவை பார்க்க

திருநெல்வேலி மாவட்டத்திலுள்ள கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்துக்கு இரண்டு பேராகப் போவதுதான் வசதி. ஒருவர் பைனாகுலரிலிருந்து கண்ணை எடுக்காமல் எண்ணிச் சொல்ல, மற்றவர் எழுதலாம். எண்ணுகிறவரே எழுதவும் குனிந்தால், நிமிர்வதற்குள் கூட்டம் இடம் மாறியிருக்கும்.

மணிமுத்தாற்றுத் தண்ணீர் வந்து குளம் பெருகியிருக்க வேண்டும். அதனால் புறப்படும் முன் மூலைக்கரைப்பட்டிப் பக்கம் தெரிந்தவரிடம், "குளத்துல தண்ணி கெடக்கா?" என்று கேட்டுக்கொள்ளுங்கள். வரித்தலை வாத்தைப் பார்க்கப் பொங்கலை ஒட்டிப் போங்கள், கோடைக்கு முன்பே அவை வடக்கே திரும்பிவிடும். கூடும் குஞ்சும் பார்க்க மாசி, பங்குனி. திருநெல்வேலியிலிருந்து சுமார் 38 கி.மீ. என்பதால் வெள்ளன 5 மணிக்கே கிளம்பிவிடுங்கள். வெயில் ஏறினால் தண்ணீர்ப் பரப்பில் கானல் ஆடும், எந்தப் பறவையும் தெளியாது. காலையில் சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி நில்லுங்கள்.

பைனாகுலர் 8x42 (8 மடங்கு பெரிதாக்குவது, முன்வில்லை 42 மி.மீ.) போதும். 10 மடங்கு என்றால் கை நடுக்கமும் அதே அளவுக்குப் பெரிதாகத் தெரியும். முதலில் இரண்டு குழல்களையும் மடக்கி, ஒரே வட்டமாகத் தெரிய வையுங்கள். வலது குழலின் முன்பக்கத்தைக் கையால் மூடி, நடுச்சக்கரத்தைத் திருப்பி இடக்கண்ணுக்குத் தெளிவாக்குங்கள். பிறகு இடது குழலை மூடி, வலக்கண் வளையத்தை மட்டும் திருப்புங்கள். ஒரே கருவியை மாற்றி மாற்றிப் பிடிப்பதானால் அந்த வளையத்தில் இருவருக்கும் தனித்தனிப் புள்ளி வைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஒவ்வொரு தடவையும் பாதி நேரம் அதிலேயே போய்விடும். வில்லையில் தூசி படிந்தால் முதலில் ஊதுங்கள். துண்டால் துடைத்தால் கீறல் விழும்.

பறக்கும்போது கழுத்தைப் பாருங்கள். சங்குவளை நாரை, கரண்டிவாயன், அரிவாள் மூக்கன் மூன்றும் கழுத்தை நீட்டிப் பறக்கும். கொக்கும் சாம்பல் நாரையும் கூழைக்கடாவும் மடக்கிக்கொள்ளும். சங்குவளை நாரை இரை தேடுவதை ஐந்து நிமிடமாவது விடாமல் பாருங்கள்: பாதி திறந்த அலகைத் தண்ணீருக்குள் இடமும் வலமும் வீசும், காலால் சேற்றைக் கலக்கும், மீன் பட்டதும் அலகு படக்கென்று மூடும்.

பெருங்கூட்டத்தை ஒவ்வொன்றாக எண்ண வேண்டாம். ஓரத்தில் 50 பறவைகளைச் சரியாக எண்ணி, அவை அடைக்கிற இடம் எவ்வளவு என்று மனதில் பிடித்துக்கொள்ளுங்கள். அதே அளவு இடம் எத்தனை முறை வருகிறது என்று பாருங்கள். இருவரும் தனித்தனியாக எண்ணிய பிறகே ஒப்பிடுங்கள். முதலில் ஒருவர் சொல்லிவிட்டால் மற்றவர் கணக்கு தானாக அந்தப் பக்கம் சாயும்.

கூட்டை மட்டும் நெருங்கவே வேண்டாம். உட்கார்ந்திருக்கும் பறவை எழுந்து நின்று உங்களையே பார்த்தால் அளவுக்கு மீறிப் போய்விட்டீர்கள், அப்படியே பின்வாங்குங்கள். அது பறந்துவிட்டால் முட்டையைக் காகம் தூக்கிவிடும். பங்குனி வெயிலில் சிறகை விரித்துக் குஞ்சுக்கு நிழல் தருவதும் அந்தப் பறவைதான். ஊருக்குள் வீட்டு முற்றத்து மரங்களிலும் கூடு உண்டு, வீட்டாரிடம் கேட்டுவிட்டு நில்லுங்கள். இந்தப் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடியே போடாத ஊர் இது.

சுற்றுவட்டாரத்தில் கொக்குக்கோ கௌதாரிக்கோ வலை, கண்ணி கண்டால் தொடாமல் படமெடுத்து வனத்துறைக்குச் சொல்லுங்கள். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அப்படி வலை, கண்ணி வைப்பது குற்றம்.

குளத்துக்கரையை விட்டு இறங்கும் முன் பட்டியலை ஒருமுறை வாசித்துப் பாருங்கள். இருவரும் ஒத்துக்கொள்ளாத பறவையை "கொக்கு வகை" என்பதுபோல் பொதுவாக மட்டும் எழுதி, நேரத்தையும் குறித்துவிடுங்கள்.