பழைய கைத்தறித் துணியில் ஒரு பெல்ட்

கொழும்புப் புழுக்கத்தில் நான் வாங்கிய ரெக்சின் பெல்ட் எதுவும் நெடுநாள் தாங்கியதில்லை. ஈரக்காற்றில் மேல்பூச்சு செதில் செதிலாக உரிந்து சட்டையெல்லாம் ஒட்டும். துணி பெல்ட்டுக்கு அந்த வியாதி இல்லை. அழுக்கானால் தோய்த்துக் காயப் போடலாம்.

தடித்த பருத்தி அல்லது கைத்தறித் துணி, உள்ளே வைத்து விறைப்பாக்க, மினுக்கினால் (அயன் பண்ணினால்) ஒட்டிக்கொள்ளும் கன்வஸ், ஒன்றரை அங்குல டி வளையம் (D எழுத்து வடிவ வளையம்) இரண்டு. இவ்வளவுதான். கன்வஸும் வளையமும் புறக்கோட்டையில் பொத்தான், லேஸ் விற்கும் கடைகளில் கிடைக்கும். வளையத்தை முதலில் வாங்குங்கள், பெல்ட்டின் அகலத்தை அதன் உள்ளளவுதான் தீர்மானிக்கிறது. நான் மாற்றிச் செய்ததால், வளையத்துக்குள் நுழையாத பெல்ட் ஒன்று இன்னும் அலுமாரியில் கிடக்கிறது.

துணியைத் தோய்த்துக் காயவைத்த பிறகே வெட்டுங்கள், பருத்தி சுருங்கும். அகலம் வளையத்தைப் போல நான்கு மடங்கு, அதாவது 6 அங்குலம். நீளம் இடுப்பளவுடன் 10 அங்குலம். 30 அங்குல இடுப்புக்கு 40. துணிக்கரைக்கு இணையாக வெட்டினால் இழுபடாது. சாய்வாக வெட்டினால் ரப்பர் மாதிரி நீளும்.

சரி, இனி மினுக்கும் வேலை. என்னைக் கேட்டால் பாதிப் பெல்ட் இங்கேதான் உருவாகிறது. முதல் முறை நான் இதைத் தவிர்த்துவிட்டு நேரே மெஷினில் உட்கார்ந்தேன். வந்தது பெல்ட் இல்லை, முறுக்கிய கயிறு. துணியை நீளவாக்கில் இரண்டாக மடித்து மினுக்கி விரியுங்கள். நடுக்கோட்டை ஒட்டி, ஒரு பக்கமாக ஒன்றரை அங்குல அகலக் கன்வஸை வையுங்கள். சொரசொரப்பான பசைப்பக்கம் துணியைத் தொட வேண்டும், இல்லாவிட்டால் அயன்பெட்டியில் ஒட்டிக்கொள்ளும். பெட்டியை இழுக்காமல் ஒவ்வொரு இடமாக அழுத்தி எடுங்கள். பிறகு இரு முனைகளையும் அரை அங்குலம் உள்ளே மடியுங்கள். நீள ஓரங்கள் இரண்டையும் நடுக்கோட்டுக்குக் கொண்டுவந்து மினுக்கி, மறுபடி இரண்டாக மடித்து மினுக்குங்கள்.

தையலுக்கு 16ஆம் எண் ஊசி, 3 மில்லிமீற்றர் தையல் நீளம். திறந்த ஓரத்தை முதலில், விளிம்பிலிருந்து எட்டில் ஒரு அங்குலம் விட்டுத் தையுங்கள். மற்ற ஓரத்தையும் அதே முனையிலிருந்து தொடங்குங்கள். எதிர்த் திசையில் வந்தால் துணி முறுக்கிக்கொள்ளும்.

ஒரு முனையை இரு வளையங்களுக்குள்ளும் விட்டு ஒன்றரை அங்குலம் பின்னால் மடித்து, சதுரமாகத் தைத்து, அதற்குள் குறுக்காக ஒரு பெருக்கல் குறி போடுங்கள். அந்தத் தடிப்பில் மெஷின் திணறும். மிதிப்பதை நிறுத்திவிட்டுச் சக்கரத்தைக் கையால் உருட்டுங்கள், ஊசி தப்பும்.

கட்டும்போது நுனியை இரு வளையங்களுக்குள்ளும் நுழைத்து, முதல் வளையத்துக்குள் மட்டும் திருப்பி இழுங்கள்.