நல்ல நாளில் செய்துவைக்க வேண்டியவை: இருமுனையப் பிறழ்வோடு வாழ்வோருக்கும் அவர்கள் வீட்டாருக்கும்

லித்தியம் மாத்திரையை நிறுத்திவிடலாமா என்ற எண்ணம், நோய் கடுமையாக இருக்கும் நாட்களைவிட, எல்லாம் சரியாகிவிட்டதாகத் தோன்றும் நாட்களில்தான் அதிகம் எழுகிறது. தூக்கம் சீராகி, வேலைக்குத் திரும்பி, வீட்டில் மீண்டும் சிரிப்புச் சத்தம் கேட்கத் தொடங்கி ஓராண்டு கடந்தபின், "இன்னும் எதற்கு இந்த மாத்திரை?" என்று நோயாளி கேட்பார்; சில வீடுகளில் மாமியாரோ சித்தப்பாவோ அவருக்கு முன்பே கேட்டிருப்பார். பைபோலார் எனப்படும் இருமுனையப் பிறழ்வோடு பல ஆண்டுகளாக வாழ்ந்துவரும் நான், அந்தக் கேள்வியை இரண்டு முறை கேட்டு, இரண்டு முறையும் மருத்துவமனை வார்டில் கண்விழித்தேன். நோய் தலைதூக்கிய பிறகு நம்மால் செய்யக்கூடியவை மிகச் சில; நன்றாக இருக்கும் நாட்களில் செய்துவைத்த ஏற்பாடுகளே அப்போது கைகொடுக்கும். அந்த ஏற்பாடுகள் என்னென்ன என்பதை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

இந்த நோய்க்கு இரண்டு முகங்கள். ஒன்று எழுச்சி: குறைந்தது ஒரு வாரம், தூக்கம் குறைந்தும் களைப்புத் தெரியாமல், பேச்சு வேகமெடுத்து, செலவும் துணிச்சலும் எல்லை மீறும் நிலை. மற்றது சோர்வு: இரண்டு வாரங்களுக்கு மேல் எதிலும் பிடிப்பில்லாமல், படுக்கையைவிட்டு எழவும் முடியாத நிலை. பெரும்பாலோர் சோர்வின்போதுதான் மருத்துவரைப் பார்க்கிறார்கள், ஏனென்றால் எழுச்சியின்போது யாருக்கும் தாம் நோயாளி என்று தோன்றுவதில்லை. எனவே முதல் சந்திப்பிலேயே, கடந்த காலத்தில் மூன்று நான்கு நாட்கள் தூங்காமல் உற்சாகமாகச் சுற்றிய காலம் எதுவும் இருந்ததா என்பதைக் கேட்காமலே சொல்லிவிடுங்கள். சோர்வுக்கான மருந்தை மட்டும் தனியாகக் கொடுத்தால் சிலருக்கு அதுவே எழுச்சியைக் கிளப்பிவிடும் என்பதால், மருத்துவருக்கு இந்தத் தகவல் மிக முக்கியம்.

மாத்திரை

1949 ஆம் ஆண்டு ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட் லித்தியத்தின் பயனை எழுதி வெளியிட்டார். அதன் பிறகு எத்தனையோ மருந்துகள் வந்தும், இந்த நோய் திரும்பாமல் தடுப்பதில் லித்தியத்துக்கு உரிய இடம் அப்படியே இருக்கிறது. விலை குறைந்த மருந்து. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் இலவசமாகவே கிடைக்கும். ஆனால் பயன்தரும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடையே உள்ள தூரம் குறுகியது என்பதால், இதை உட்கொள்பவர் சில விதிகளை மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும்.

இரத்தத்தில் லித்தியத்தின் அளவு பெரும்பாலோருக்கு ஒரு லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை இருக்கும்படி மருத்துவர்கள் பார்த்துக்கொள்வார்கள். கடைசி மாத்திரை போட்டு 12 மணிநேரம் கழித்தே இரத்தம் கொடுக்க வேண்டும். இரவு 9 மணிக்குப் போட்டால் காலை 9 மணிக்கு ஆய்வகத்தில் இருக்க வேண்டும். காலை மாத்திரையும் உண்டென்றால் அதை இரத்தம் கொடுத்த பிறகே போட வேண்டும். இந்த ஒன்றைப் பலருக்கு யாரும் சொல்வதில்லை. மாத்திரை போட்டுவிட்டு நேராக ஆய்வகத்துக்குப் போய், கூடுதலாகக் காட்டிய அளவைப் பார்த்துப் பதறியவர்களை எனக்குத் தெரியும். சிறுநீரகம், தைராய்டு ஆகியவற்றுக்கான சோதனைகளை ஆறு மாதத்துக்கு ஒருமுறை செய்துகொள்வது வழக்கம்.

லித்தியமும் உப்பும் சிறுநீரகத்தில் ஒரே வழியில் பயணிப்பவை. உடலில் நீரோ உப்போ குறைந்தால் சிறுநீரகம் லித்தியத்தை வெளியேற்றாமல் பிடித்துவைத்துக்கொள்ளும். நம் ஊரில் இதற்குப் பல சந்தர்ப்பங்கள் உண்டு. கத்திரி வெயிலில் நாள்முழுவதும் வெளியில் நிற்பது, வயிற்றுப்போக்கு, தண்ணீர்கூடக் குடிக்காத விரதம், ரமலான் நோன்பு, இரத்த அழுத்தத்துக்காகத் திடீரென்று உப்பை நிறுத்துவது ஆகியவை எல்லாம் இதில் அடங்கும். நோன்பிருக்க விரும்புவோர் தாமாக முடிவெடுக்காமல், மாதம் தொடங்குவதற்குச் சில வாரங்கள் முன்பே மருத்துவரிடம் பேச வேண்டும். முழங்கால் வலிக்கோ பல்வலிக்கோ மருந்துக்கடையில் கேட்டவுடன் எடுத்துத் தரும் டைக்ளோபினாக், ஐபுபுரூபன் போன்ற வலிநிவாரணிகளும், இரத்த அழுத்தத்துக்கான சில மாத்திரைகளும் லித்தியத்தின் அளவை ஏற்றிவிடும். சாதாரணக் காய்ச்சலுக்கும் வலிக்கும் பாராசிட்டமால் போதும். வேறு எந்த மருந்து வாங்கினாலும் "நான் லித்தியம் சாப்பிடுகிறேன்" என்று சொல்லியே வாங்குங்கள். கை மெலிதாக நடுங்குவது பலருக்கு இருப்பதுதான். அந்த நடுக்கம் பெரிதாகி, வாந்தி, பேதி, நாக்குழறல், நடையில் தள்ளாட்டம் ஆகியவை சேர்ந்தால், அடுத்த வேளை மாத்திரையைப் போடாமல் உடனே அவசரப் பிரிவுக்குச் செல்ல வேண்டும். மறுநாள் வரை பொறுத்திருக்கக் கூடாது.

குழந்தை பெறும் வயதில் இருக்கும் பெண்கள், இதே நோய்க்குத் தரப்படும் மற்றொரு மருந்தான வால்புரோயேட் கொடுக்கப்பட்டிருந்தால், அதைப் பற்றி மருத்துவரிடம் வெளிப்படையாகக் கேளுங்கள். கருவைக் கடுமையாகப் பாதிக்கும் மருந்து அது. கருத்தரிக்கும் எண்ணம் வந்தவுடன் மருந்துத் திட்டத்தை மாற்றி அமைக்க நேரம் வேண்டும். கரு உறுதியான பிறகு பயந்துபோய் எல்லாவற்றையும் ஒரே நாளில் நிறுத்துவது தாய்க்கு மிகவும் ஆபத்து.

தூக்கம்

எனக்கு இந்த நோயின் கடிவாளம் தூக்கத்தில் இருக்கிறது. எழுச்சி வரும் முன்பு முதலில் குறைவது அதுதான். தூக்கத்தை வலிந்து குறைத்தால் எழுச்சி தானே வந்து நிற்கும். எனவே படுக்கும் நேரத்தைவிட எழும் நேரத்தை மாற்றாமல் வைத்துக்கொள்வதே எளிய தொடக்கம். இரவுப் பணி மாறி மாறி வரும் வேலை இந்த நோய்க்கு ஒத்துவராது. பகல் பணிக்கு மாற்றிக்கொள்ள மருத்துவரின் சான்றிதழைப் பயன்படுத்தலாம். சிவராத்திரி, வைகுண்ட ஏகாதசி ஆகியவற்றுக்குக் கண்விழிப்பதையும், முகூர்த்த நாளுக்காக இரவுமுழுவதும் வேனில் பயணம் செய்வதையும் நான் விட்டுவிட்டேன். முதல் நாள் மாலையே போய் விடுதியில் தங்கிவிட்டால் உறவினர் ஒரு நாள் பேசுவார்கள், அதோடு சரி.

நாட்காட்டியில் ஒவ்வொரு நாளும் மூன்று எண்களை எழுதிவாருங்கள்: தூங்கிய மணிநேரம், மனநிலைக்கு மைனஸ் 5 முதல் பிளஸ் 5 வரை ஒரு மதிப்பெண், மாத்திரை போட்டதற்கு 1, விட்டதற்கு 0. அரை நிமிட வேலைதான். நான்கு மாதம் கழித்து அதைப் புரட்டும்போது, உங்கள் நோய் எந்த வழியாக உள்ளே நுழைகிறது என்பது கண்ணுக்குத் தெரியும். எனக்கு அது, காலை 4 மணிக்கு விழித்து அலமாரியை அடுக்கத் தொடங்குவது. வேறொருவருக்குப் பழைய நண்பர்களுக்கெல்லாம் வரிசையாகத் தொலைபேசி செய்வதாக இருக்கலாம். இத்தகைய அடையாளங்களில் நான்கைந்தை ஒரு தாளில் எழுதி, வீட்டில் நீங்கள் நம்பும் ஒருவரிடம் கொடுத்து, "இதில் இரண்டு சேர்ந்து வந்தால், நான் எவ்வளவு மறுத்தாலும் மருத்துவருக்குச் சொல்லிவிடுங்கள்" என்று அனுமதி கொடுத்துவிட வேண்டும். மனைவியோ அண்ணனோ அதைச் சொல்லும்போது கோபம் வரத்தான் செய்யும். உங்கள் கையெழுத்தில் இருக்கும் தாளைக் காட்டும்போது அந்தக் கோபம் பாதியாவது அடங்கும்.

பணமும் கைப்பேசியும்

எழுச்சியின் மூன்று நாட்களில் கரையும் பணத்தை மீட்க மூன்று ஆண்டுகள் ஆகலாம். நன்றாக இருக்கும்போதே யுபிஐ பரிவர்த்தனைக்கு நாள் வரம்பைக் குறைத்துவையுங்கள். கடன் அட்டை வேண்டவே வேண்டாம், இருந்தால் வரம்பு சிறியதாக இருக்கட்டும். கடன் தரும் செயலிகள் எதுவும் கைப்பேசியில் இருக்கக் கூடாது. வீட்டுப் பத்திரமும் நகையும், அடகுக்கடைக்கு ஒருவராகவே எடுத்துச்செல்ல முடியாதபடி, இருவர் சேர்ந்து திறக்கும் லாக்கரில் இருக்கட்டும். வேலையை ராஜினாமா செய்வது, தொழில் தொடங்குவது, நிலத்துக்கு முன்பணம் கொடுப்பது ஆகிய மூன்றுக்கும் இரண்டு இரவுகள் முழுமையாகத் தூங்கி எழுந்து, வேறொருவரிடம் சொன்ன பிறகே முடிவு என்று ஒரு வீட்டுச் சட்டம் போட்டுக்கொள்ளலாம். உண்மையிலேயே நல்ல யோசனை என்றால் அது இரண்டு நாளில் கெட்டுப்போகாது.

சோர்வு நாட்கள்

அப்போது "மனதைத் தைரியமாக வைத்துக்கொள்" என்ற பேச்சு எதற்கும் உதவாது. விருப்பம் வந்தபின் செய்வோம் என்று காத்திருந்தால் விருப்பம் வராது; செயல் முன்னே போனால் விருப்பம் மெல்லப் பின்னே வரும். செயலைச் சிறிதாக்க வேண்டும். குளிக்க முடியாவிட்டால் முகம் கழுவலாம். நடைப்பயிற்சிக்குப் போக முடியாவிட்டால் வாசலில் பத்து நிமிடம் வெயிலில் உட்காரலாம். சமைக்க முடியாத நாளில் இட்லியை வாங்கிச் சாப்பிடுவது தோல்வியாகாது. மது அன்றைக்கு ஆறுதல்போலத் தெரிந்தாலும் சோர்வை ஆழமாக்கி, மாத்திரையின் பயனையும் கெடுக்கும்.

இறந்துவிடலாம் என்ற எண்ணம் வந்தால் அதை ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். வீட்டார் அப்படிப்பட்ட நாட்களில் மாத்திரைகளை மொத்தமாக அவரிடம் விடாமல், ஒரு நாளுக்குரியதை மட்டும் எடுத்துத் தர வேண்டும். பூச்சிமருந்து வீட்டிலேயே இருக்கக் கூடாது. "சாகலாம் என்று தோன்றுகிறதா?" என்று நேராகக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது, கேட்கப்பட்டவருக்குப் பெரும்பாலும் நெஞ்சு இலேசாகிறது. அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416 இல் 24 மணிநேரமும் தமிழில் பேசலாம். தமிழ்நாட்டில் இது 'நட்புடன் உங்களோடு' மனநல சேவை என்ற பெயரில் 2022 முதல் நடைபெறுகிறது. போலீஸ் வழக்கு வரும் என்று அஞ்சி, தற்கொலைக்கு முயன்றவரை மருத்துவமனைக்குக் கொண்டுபோகத் தயங்கும் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. 2017 ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115 ஆவது பிரிவு, அத்தகையவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருதி, அவரைத் தண்டிக்காமல் காக்கிறது. எனவே தயங்காமல் செல்லுங்கள்.

வீடும் கோயிலும்

"கல்யாணம் செய்துவைத்தால் சரியாகிவிடும்" என்பதைப்போல இரண்டு குடும்பங்களை ஒருசேரக் கெடுத்த வாக்கியம் வேறில்லை. திருமணம் செய்துகொள்வதில் தவறில்லை; மறைத்துச் செய்வதில்தான் எல்லாத் தொல்லையும் தொடங்குகிறது. மறைத்துச் செய்துகொண்டவர் மாத்திரையையும் மறைத்தே போட வேண்டியிருக்கும், விரைவில் போடாமலே விட்டுவிடுவார். நிச்சயத்துக்கு முன்பு, பெண்ணும் மாப்பிள்ளையும் தனியாகப் பேசும்போதே சொல்லி, விரும்பினால் மருத்துவரையும் சேர்ந்து பார்த்துவிடுவது நல்லது.

மனநோய் தீர வேண்டி மக்கள் செல்லும் குணசீலம் கோயிலுக்கோ தர்காவுக்கோ போவதை நான் தடுக்க மாட்டேன். என் தாயார் கட்டிய கயிறு இன்னும் என் கையில் இருக்கிறது. பையில் மாத்திரையும் இருக்கட்டும், வேளை தவறாமல் போடட்டும். ஆனால் கட்டிப்போடும் இடம் எதுவாக இருந்தாலும் அங்கே ஒரு இரவுகூட விட்டுவரக் கூடாது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு காப்பகத்தில் தீப்பற்றியபோது, சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் கருகி இறந்தார்கள். சங்கிலியால் பிணைப்பதை 2017 ஆம் ஆண்டுச் சட்டம் எவ்விதத்திலும் அனுமதிக்கவில்லை.

காகிதங்கள்

அதே சட்டம் நமக்கு இரண்டு கருவிகளைத் தந்திருக்கிறது, பயன்படுத்துவோர்தான் குறைவு. ஒன்று முன்கூட்டிய அறிவுறுத்தல்: முடிவெடுக்கும் திறன் இழந்த நிலையில் எனக்கு எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று நல்ல நாளிலேயே எழுதிவைப்பது. இரண்டாவது, நமக்காகப் பேச ஒரு பிரதிநிதியை நாமே நியமிப்பது. தந்தை உயிரோடு இருக்கிறார் என்பதற்காக அவரையே நியமிக்க வேண்டியதில்லை, தோழியாகவும் இருக்கலாம். உடல்நோய்க்கு உள்ள அதே அடிப்படையில் மனநோய்க்கும் மருத்துவக் காப்பீடு தர வேண்டும் என்றும் இச்சட்டம் சொல்கிறது. விண்ணப்பத்தில் நோயை மறைக்காதீர்கள். மறைத்தது பின்னால் தெரிந்தால் வேறு நோய்க்கான தொகையும் நின்றுவிடக்கூடும். நோயால் வேலைசெய்யும் திறன் பெரிதும் பாதிக்கப்பட்டவர்கள், 2016 ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின்கீழ் 40 விழுக்காடோ அதற்கு மேலோ பாதிப்பு உள்ளதாகச் சான்று பெற்றால், அடையாள அட்டையும் அதற்குரிய சலுகைகளும் கோரலாம்.

மீண்டும் வந்துவிட்டால்

இத்தனையும் செய்தும் நோய் ஒருமுறை திரும்பலாம். வார்டிலிருந்து வீடு திரும்பிய முதல் வாரத்தில், யாரிடம் என்ன பேசினோம் என்று நினைத்து நினைத்துக் கூச்சம் பிடுங்கித் தின்னும். உடனே எல்லோரையும் அழைத்து மன்னிப்புக் கேட்கத் தோன்றும். இரண்டு மூன்று வாரங்கள் பொறுங்கள். வங்கிக் கணக்கின் பட்டியலை நம்பகமான ஒருவரோடு உட்கார்ந்து பார்த்து, திருப்பிக் கொடுக்கக்கூடிய பொருட்களைத் திருப்பிக் கொடுங்கள். பிறகு, உண்மையிலேயே புண்பட்டவர்கள் யார் என்று பார்த்தால் பெரும்பாலும் நான்கைந்து பேர்தான் இருப்பார்கள். அவர்களிடம், "எனக்கு அப்போது உடம்பு சரியில்லை. ஆனாலும் உங்களைக் காயப்படுத்திவிட்டேன்" என்று இரண்டு வாக்கியங்களில் நேரில் சொன்னால் போதும். அலுவலகத்தில் அந்த அளவும் தேவையில்லை. மருத்துவ விடுப்புச் சான்றிதழைக் கொடுத்துவிட்டு, முடிந்தால் முதல் இரண்டு வாரங்கள் அரைநாள் வேலை கேட்டுப் பெறுங்கள். மாலை வீடு திரும்பியதும் நாட்காட்டியில் அந்த மூன்று எண்களை எழுதுங்கள்.