மூடுபனிக்கு மேலே ஒரு விடியல்: தாயக மலைகளுக்குச் செல்வோருக்கான வழிகாட்டி

மலைமுகட்டில் நின்று, கீழே பள்ளத்தாக்கு முழுவதும் வெண்பனி நிரம்பிக் கிடப்பதையும் அதற்குள்ளிருந்து குன்றுகள் தீவுகளைப் போலத் தலைநீட்டுவதையும் காணும் ஆசையோடு வெளிநாடுகளிலிருந்து இலங்கைக்கோ தமிழகத்துக்கோ தாயகம் வருகிறவர்களில் பலர், காலை உணவை முடித்து ஆறுதலாகப் புறப்பட்டு, பத்து மணிக்கு மேல் உச்சியை அடைந்து, கைப்பிடிக் கம்பிக்கு அப்பால் வெள்ளைத் திரையைத் தவிர ஒன்றும் காணாமல் திரும்புகிறார்கள். அவர்கள் போன இடம் சரியானதுதான். போன நேரம்தான் பொருந்தவில்லை. இந்தக் காட்சியைப் பெற, விடியலுக்கு அரை மணி நேரம் முன்பே அங்கே இருக்க வேண்டும்; அதற்கு முதல் நாள் இரவு மலையிலேயே தங்க வேண்டும். பயணத் திட்டத்தில் வேறு எதைக் குறைத்தாலும் அந்த இரவைக் குறைக்காதீர்கள்.

மேகமற்ற, காற்று ஓய்ந்த இரவில் நிலம் தன் வெப்பத்தை விரைவாக இழக்கிறது. அதையொட்டிய காற்று குளிர்ந்து கனத்து, சரிவுகளின் வழியே இறங்கிப் பள்ளத்தாக்கில் தேங்க, அதிலுள்ள ஈரம் நுண்துளிகளாகி மூடுபனியாகிறது. அதற்கு மேலே சற்று வெப்பமான காற்று படிந்திருப்பதால் பனி மேலெழ முடிவதில்லை. அந்த அடுக்கைவிட உயரமான முகட்டில் நிற்பவருக்குத் தலைக்கு மேலே தெளிந்த வானமும் காலடியில் வெண்பரப்பும் கிடைக்கின்றன. வெயில் ஏறியதும் சரிவுகள் சூடாகி, காற்று மேல்நோக்கி வீசத் தொடங்கும். பனி கலைந்து மலையேறி வரும். எட்டு, ஒன்பது மணிக்கெல்லாம் நீங்கள் அதற்குள்ளேயே நிற்பீர்கள். ஆகவே மாலையில் ஒரு மழை பெய்து ஓய்ந்து, இரவில் வானம் வெளுத்து நட்சத்திரங்கள் தெரிந்தால், மறுநாள் விடியற்காலையில் கட்டாயம் எழுந்துவிடுங்கள். மலைப்பகுதியில், படுக்கப் போகும் முன் வெளியே வந்து ஒரு முறை வானத்தைப் பார்ப்பது, கைபேசியில் வானிலை பார்ப்பதைவிட நம்பகமானது என்பது என் கருத்து.

பருவத்தைப் பொறுத்தவரை, புலம்பெயர்ந்த குடும்பங்களுக்குப் பெரும்பாலும் கிடைப்பவை ஜூலை, ஆகஸ்டில் வரும் நீண்ட பள்ளி விடுமுறையும் டிசம்பர் கடைசியில் வரும் குறுகிய விடுமுறையும்தான். கோடை விடுமுறைக் காலத்தில் தென்மேற்குப் பருவமழை முழு வீச்சில் இருப்பதால், இலங்கையின் சிவனொளிபாதமலையும் தமிழகத்தின் கொழுக்குமலையும் நீலகிரியின் மேற்குப் பகுதிகளும் நாள் முழுவதும் முகிலுக்குள் மறைந்து கிடக்கும். இலங்கையின் தென்கிழக்கு மலைப்பகுதியான ஊவாப் பக்கம் மட்டும் விதிவிலக்கு. மத்திய மலைத்தொடர் அந்த மழையைத் தடுத்துவிடுவதால், அங்கே அதே மாதங்களில் வறண்ட காற்று வீசுகிறது. ஊவாத் தேயிலைக்குப் பெயர் வாங்கித் தந்த தனி மணமும் அந்தக் காற்றினால் வருவதே. எனவே ஆகஸ்டில் வருவோர் அங்குள்ள அப்புத்தளையை நோக்கிச் செல்லலாம். டிசம்பரில் வடகிழக்குப் பருவமழையின் எச்சம் சில நாட்களைக் கெடுக்கக்கூடும். விடுப்பை விருப்பப்படி எடுக்க முடிந்தவர்களுக்கு ஜனவரி நடுவிலிருந்து மார்ச் வரையான காலமே இரு நாடுகளிலும் சிறந்தது.

அப்புத்தளை நகரம் ஒரு குறுகிய முகட்டின் மேல் அமைந்திருக்கிறது. அங்கிருந்து சுமார் 10 கிலோமீட்டரில், தேயிலை வணிகர் தாமஸ் லிப்டன் 1890இல் கட்டிய தம்பேதன்ன தேயிலைத் தொழிற்சாலையும், அதற்கு மேலே தோட்டத்தின் ஊடாக ஏறத்தாழ 7 கிலோமீட்டர் வளைந்தேறும் பாதையின் முடிவில், சுமார் 1,970 மீட்டர் உயரத்தில் ‘லிப்டன் சீட்’ என்னும் முனையும் உள்ளன. அதிகாலை நாலரை மணிக்கு நகரிலிருந்து ஆட்டோ பிடித்தால் விடியலுக்கு முன் மேலே சேர்ந்துவிடலாம். கட்டணத்தை முதல் நாள் மாலையே பேசி முடித்துக்கொள்வது நல்லது. தெற்கிலும் தென்கிழக்கிலும் நிலம் சட்டென்று தாழ்வதால் தாழ்நிலப் பனி முழுவதும் கண்முன் விரியும். ஏறும்போது ஆட்டோவிலும் இறங்கும்போது நடந்தும் வருமாறு திட்டமிடுங்கள். இறங்கும் பாதையில் பனி தேயிலை வரிசைகளுக்கு இடையே புகுந்து வருவதை மிக அருகில் காணலாம். இலைகளின் விளிம்புகளில் நீர்த்துளிகள் வரிசையாகத் தொங்கும். பாதையோரச் சிலந்தி வலைகளெல்லாம் அந்த ஒரு மணி நேரத்துக்கு மட்டும் கண்ணுக்குத் தெரியும்.

அந்தப் பாதை ஒரு சுற்றுலாத் தலம் மட்டுமன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழகத்திலிருந்து தோட்ட வேலைக்குக் கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்த மலையகத் தமிழர் வாழும் லயங்கள் எனப்படும் வரிசை வீடுகளின் வாசல் வழியாகவே நீங்கள் நடக்கிறீர்கள். கொழுந்து பறிக்கப் போகும் பெண்களை நிறுத்தி வைத்துப் படம் எடுப்பது சரியன்று. அவர்கள் வேலைக்கு நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டியவர்கள். ‘வணக்கம் அக்கா, படம் எடுக்கலாமா?’ என்று தமிழில் கேட்டுவிட்டு, வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். வெளிநாட்டில் பிறந்த பிள்ளைகளுக்கு, தாங்கள் பேசும் மொழியையே இந்த மலையிலும் பேசுகிறார்கள் என்பது பெரும்பாலும் புதுச் செய்தியாக இருக்கும். அவர்களைப் பேச விடுங்கள்.

இலங்கையின் ஹோட்டன் சமவெளித் தேசியப் பூங்காவில் ‘உலக முடிவு’ எனப்படும் செங்குத்துப் பாறை விளிம்பு ஏறத்தாழ 870 மீட்டர் ஆழத்துக்கு நேரே இறங்குகிறது. வாயிலைக் கடந்த பின் சுமார் 4 கிலோமீட்டர் நடக்க வேண்டும் என்பதால், காலை ஆறு மணிக்குள் வாயிலில் நிற்காதவர்கள் வெறும் வெள்ளையையே பார்ப்பார்கள். ஒன்பது, பத்து மணிக்குள் முகில் விளிம்பைத் தொட்டுவிடுகிறது. வெளிநாட்டவருக்கான நுழைவுக் கட்டணம் மிக அதிகம். இலங்கைத் தேசிய அடையாள அட்டை வைத்திருப்போர் அதை மறக்காமல் எடுத்துச் செல்ல வேண்டும்.

2,243 மீட்டர் உயரமான சிவனொளிபாதமலையின் யாத்திரைக் காலம் டிசம்பர் பௌர்ணமியில் தொடங்கி மே மாத வெசாக் பௌர்ணமியுடன் முடிகிறது. அந்த மாதங்களில் மட்டுமே படிகளுக்கு விளக்கொளியும் வழிநெடுகத் தேநீர்க் கடைகளும் இருக்கும். மஸ்கெலியாவைத் தாண்டி நல்லதண்ணியிலிருந்து ஏறினால் 5,000க்கும் மேற்பட்ட படிகள். சாதாரண உடல்நிலை உள்ளவருக்கு மூன்று முதல் நான்கு மணி நேரம் பிடிக்கும். பௌர்ணமி நாட்களிலும் வார இறுதிகளிலும் படிகளில் வரிசை நகராமல் நின்று, உச்சிக்கு வெகு கீழேயே விடிந்துவிடுவது உண்டு. ஆகையால் வார நாளில் செல்லுங்கள். கதிரவன் எழுந்த உடனே எல்லோரும் கிழக்கைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். நீங்கள் மேற்குப் பக்கம் திரும்புங்கள். மலையின் நிழல் துல்லியமான முக்கோணமாகப் பனிப்பரப்பின் மேல் பல கிலோமீட்டர் தூரத்துக்கு விழுந்திருக்கும். வெயில் ஏறஏற அது மலையடியை நோக்கிச் சுருங்கிவிடும். எந்த வடிவ மலையாக இருந்தாலும் இவ்வளவு நீண்ட நிழலின் முனை தொலைவில் ஒடுங்கித் தெரிவதால்தான் அது முக்கோணமாகிறது.

தமிழகப் பக்கத்தில் ஒரே ஓர் இடம் பார்க்க முடியும் என்றால், நான் கொழுக்குமலையையே சொல்வேன். தேனி மாவட்டத்துக்கு உட்பட்டதாயினும், வண்டிப் பாதை கேரளத்தின் சூரியநெல்லி வழியாகத்தான் செல்கிறது. போடியிலிருந்து போடிமெட்டு ஏறி, முதல் நாள் மாலையே சூரியநெல்லியிலோ சின்னக்கானலிலோ தங்குங்கள். தமிழகப் பதிவெண் கொண்ட வாடகைக் காரில் சென்றால், கேரளத்துக்கான பெர்மிட் போடப்பட்டுள்ளதா என்று ஓட்டுநரிடம் முன்கூட்டியே கேளுங்கள். சூரியநெல்லியிலிருந்து உச்சிக்கு ஜீப் மட்டுமே போகும். விடியற்காலை நாலு மணியளவில் புறப்படும். கல்லும் குழியுமான அந்தப் பாதை எலும்பு வரை குலுக்கக்கூடியது. முதுகுத்தண்டு நோய் உள்ளவர்களும் கருவுற்ற பெண்களும் இதைத் தவிர்க்க வேண்டும். மேலே, 7,000 அடிக்கும் அதிகமான உயரத்தில், தேனிச் சமவெளியின் பனிக்கு அப்பால் கதிரவன் எழும். அதன் பிறகு பழைய தேயிலைத் தொழிற்சாலையையும் பார்த்துவிட்டு வரலாம். கீழேயுள்ள குரங்கணியிலிருந்து நடந்து ஏற விரும்புவோர் வனத்துறை அனுமதியின்றி ஓர் அடியும் வைக்கக் கூடாது. 2018 மார்ச்சில் அந்தச் சரிவில் எழுந்த காட்டுத்தீயில் மலையேற்றத்துக்குச் சென்ற 20க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். பிப்ரவரி முதல் புல் காய்ந்து நிற்கும் காலம் அது.

நடக்க இயலாத பெற்றோருடன் செல்வோருக்குக் கொடைக்கானல் பொருந்தும். 1872இல் அமைக்கப்பட்ட கோக்கர்ஸ் வாக் ஒரு கிலோமீட்டர் நீளமுள்ள நடைபாதை; சறுக்கும் ஏற்றம் இல்லை. இங்கே மாலையும் பயன் தரும். மேற்கே வெயில் தாழ்ந்து, எதிரே பள்ளத்தாக்கில் பனி எழுந்திருக்கும் வேளையில், உங்கள் நிழல் பனியின் மேல் பெரிதாக விழுந்து, தலையைச் சுற்றி வானவில் நிறங்களில் ஒரு வளையம் தோன்றக்கூடும். அருகருகே நிற்கும் இருவரில் ஒவ்வொருவருக்கும் தன் தலையைச் சுற்றிய வளையம் மட்டுமே தெரியும். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் செல்லும் வண்டிகளுக்கு 2024 மே முதல் இ-பாஸ் என்னும் இணையவழி அனுமதிச் சீட்டு தேவைப்படுகிறது. புறப்படும் முன் நடப்பு விதியைச் சரிபார்த்து விண்ணப்பியுங்கள். ஊட்டியின் தொட்டபெட்டா 2,637 மீட்டர் உயரம் உடையதாயினும், வாயில் விடிந்த பிறகே திறப்பதால் இந்த நோக்கத்துக்கு உதவாது.

ஊரென்றால் வெயில் என்று எண்ணி மெல்லிய துணிகளை மட்டும் பெட்டியில் அடுக்குவது நம்மவர் வழக்கம். விடியற்காலையில் இந்த உச்சிகளில் வெப்பநிலை 10 பாகை செல்சியஸுக்கும் கீழே இறங்கும். காற்றும் சேர்ந்தால் குழந்தைகள் நடுங்கிவிடுவார்கள். ஸ்வெட்டர், காதை மூடும் குல்லா, காற்றைத் தடுக்கும் மேலங்கி, தலையில் கட்டும் விளக்கு, எவர்சில்வர் தண்ணீர்ப் போத்தல் ஆகியவை ஒவ்வொருவருக்கும் வேண்டும்; பிளாஸ்டிக் போத்தல்களுக்கு நீலகிரியிலும் கொடைக்கானலிலும் தடை உள்ளது. ஈரக் காலத்தில் அட்டைகள் காலில் ஏறும். உப்பு கொஞ்சம் வைத்திருங்கள். தங்குமிடங்களில் கடவுச்சீட்டைக் கேட்பார்கள். ட்ரோனைக் கொண்டுவர வேண்டாம். இரு நாடுகளிலும் முன் அனுமதியின்றிப் பறக்கவிட முடியாது.

பெருமழைக்குப் பிந்திய நாட்களில் மண்சரிவு அபாயத்தைப் பொருட்படுத்தாமல் ஏறாதீர்கள். இலங்கையில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மாவட்டவாரியாக எச்சரிக்கை விடுக்கிறது. இருட்டில் ஓட்டுநரை விரைவுபடுத்தவும் வேண்டாம். பனிக்குள் முகப்பு விளக்கின் உயர் ஒளியைப் போட்டால் அது திரும்பி ஓட்டுநரின் கண்ணிலேயே அடிக்கும். நேரம் போதாது என்று பட்டால் இன்னும் அரை மணி முன்னதாகப் புறப்படுங்கள். கூடுமானவரை ஒரே மலையில் இரண்டு இரவுகள் தங்குமாறு அறையைப் பதிவு செய்யுங்கள். முதல் விடியலில் முகில் முகட்டின் மேல் அமர்ந்திருந்தால், மதியம் இறங்கி ஓடாமல், இரண்டாவது விடியலுக்கும் எழுந்து பார்க்க அது இடம் தரும்.