நாசி கோரேங்குக்குப் பழைய சோறு வேண்டாம்: புதிதாகக் கடை போடுகிறவர்கள் தவிர்க்க வேண்டியவை

என் அக்கா மகன் மலேசியாவில் பட்டர்வொர்த் பக்கம் பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) நாசி கோரேங் (வறுத்த சோறு) கடை போட்டு மூன்று வாரம் ஆகிறது. போன வெள்ளிக்கிழமை பார்க்கப் போனேன். கடைக்குப் பின்னால் ஒரு பெரிய அலுமினியச் சட்டி, மூடி போட்டு, மேலே துணியும் கட்டியிருந்தது.

"என்னடா இது?"

"நேத்து ராத்திரி வடிச்ச சோறு சித்தி. பழசா இருந்தாத்தானே கோரேங் நல்லா வரும்?"

எனக்கு வயிற்றைப் பிசைந்தது. 19 வருடத்துக்கு முன்னால் நான் செய்த அதே காரியம். அதே மாதிரிச் சட்டி, அதே மூடி.

உப்பு கூடிப்போவது, பூண்டு தீய்ந்துபோவது பற்றியெல்லாம் எழுதப்போவதில்லை. நாலு தட்டு வீணானால் கை தானாகக் கற்றுக்கொள்ளும். ஆனால் நாக்குக்கும் மூக்குக்கும் தெரியாத தவறு ஒன்று இருக்கிறது. அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

ராத்திரிச் சோற்றை வெளியில் வைப்பது

அப்போது ஜெலுத்தோங்கில் வீட்டிலிருந்தே சமைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு பிறந்தநாள் விருந்து, 60 பேருக்கு நாசி கோரேங். முதல் நாள் ராத்திரி பத்து மணிக்குச் சோற்றை வடித்து, அதே சட்டியில் மூடி வைத்துவிட்டுப் படுத்தேன். காலையில் ஆறரைக்குத் திறந்து நடுவில் கையை விட்டால் இன்னும் சூடு இருந்தது. கெட்ட வாடை இல்லை, நூல் விடவில்லை. நெருப்பில் போட்டுப் புரட்டத்தானே போகிறோம், எது இருந்தாலும் செத்துவிடும் என்று நினைத்தேன்.

மதியம் சாப்பிட்டார்கள். மூன்று மணிக்கு முதல் போன் வந்தது. பிள்ளைகள் வாந்தி எடுக்கிறார்கள் என்றார்கள். பொழுது சாய்வதற்குள் 14 பேர். ஒரு பாட்டியை மருத்துவமனையில் சேர்த்து டிரிப் ஏற்றினார்கள். வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன், மருந்துச் செலவையும் கொடுத்தேன். கிட்டத்தட்ட 2,000 வெள்ளி (ரிங்கிட்). பணத்தைச் சம்பாதித்துவிடலாம். அந்தப் பாட்டி கண் திறந்து என்னைப் பார்த்த பார்வையை இன்றைக்கும் மறக்க முடியவில்லை.

என்ன நடந்தது என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். பாசில்லஸ் செரியஸ் என்று ஒரு கிருமி. மண்ணில் இருப்பது, நெல்லோடு அரிசிக்கும் வந்துவிடும். உலை கொதிக்கும்போது கிருமி சாகும், அதன் வித்து சாகாது. சோறு வெதுவெதுப்பாகக் கிடக்கக் கிடக்க வித்து முளைத்துப் பெருகும். பெருகும்போது செரியுலைட் என்ற நஞ்சைச் சோற்றிலேயே விட்டுவிடும். 121 டிகிரியில் 90 நிமிடம் வைத்தாலும் அந்த நஞ்சு அழியாது. நம் குவாலியில் (வறுக்கும் இரும்புச் சட்டியில்) சோறு புரளுவதோ மூன்று நாலு நிமிடம். மணமும் மாறாது, ருசியும் மாறாது. சாப்பிட்ட அரை மணியிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் வாந்தி வரும். 1970களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் சீன உணவகங்களின் சோற்றைச் சாப்பிட்டவர்களுக்கு இப்படி ஆனபோதுதான் மருத்துவர்கள் இதைக் கண்டுபிடித்தார்கள். 'பிரைட் ரைஸ் சிண்ட்ரோம்' என்றே இதற்குப் பெயர் விழுந்துவிட்டது.

"நம்ம தாத்தா பாட்டி பழைய சோறு சாப்பிடலையா?" என்று கேட்பவர்கள் உண்டு. அது தண்ணீர் ஊற்றிப் புளிக்க வைக்கிற சோறு. புளிப்பு ஏற ஏறப் பல கிருமிகள் அடங்கிப்போகும். தண்ணீரில்லாமல், ஆறாமல், மூடிக்குள் வெந்து கிடக்கிற சோறு அதுவல்ல.

பழைய சோற்றில் கோரேங் நன்றாக வருவதற்குக் காரணம் அதன் வயது இல்லை. சோறு ஆறும்போது அதிலுள்ள மாவுச்சத்து இறுகும், மேல் ஈரம் காயும், பருக்கை பருக்கையாகப் பிரியும். நமக்கு வேண்டியது அந்த இறுக்கமும் உலர்வும்தான். அதற்கு ஒரு ராத்திரி தேவையே இல்லை. வழக்கத்தைவிடக் கொஞ்சம் தண்ணீர் குறைத்து வடித்து, அகலத் தட்டுகளில் ஒரு விரல் கனத்துக்குப் பரப்பி, அரை மணி நேரம் காற்றாடிக்குக் கீழே வையுங்கள். அப்படியே குவாலியில் போடலாம். முதல் நாளே வடித்தாக வேண்டும் என்றால், பரப்பி ஆறவிட்டு ஒரு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் ஏற்றிவிடுங்கள். மறுநாளே தீர்த்துவிடுங்கள். சட்டியோடு தூக்கி ஃபிரிட்ஜுக்குள் வைத்தால் பயனில்லை. நடுச்சோறு ஆற மணிக்கணக்காகும்.

அன்றைக்கு அவன் சட்டியைக் கொட்டச் சொன்னேன். முகம் தொங்கிப்போனது. பக்கத்து ஆப்பம் பாலிக் கடையில் இரண்டு தட்டு இரவல் வாங்கி, புதிதாக வடித்துப் பரப்பினோம். ஒன்றரை மணி நேரம் தாமதமாகத்தான் கடை திறந்தது.

குவாலியை நிரப்புவது

இரண்டு தட்டுக்கு மேல் ஒரு வீச்சில் போடாதீர்கள். சோறு அதிகமானால் சூடு இறங்கும், ஆவி சூழும், வறுபட வேண்டியது அவிந்துவிடும். வீட்டு அடுப்பில் என்றால் ஒரு தட்டுதான். வரிசையில் நிற்பவர்கள் நிற்கட்டும்.

எல்லாவற்றையும் ஒரே கோரேங்காக்குவது

இது எனக்கு மனவருத்தம் தருகிற விஷயம். மெனுவில் பன்னிரண்டு பெயர் இருக்கும், தட்டில் வருவது ஒன்றே: கறுப்புக் கிச்சாப் (சோயா சாறு), சிலி சாஸ், பட்டாணி. நாசி கோரேங் கம்போங் என்றால் பெலாச்சான் (இறால் விழுது), நெத்திலி, சிலி பாடி (சின்னக் கார மிளகாய்), கங்கோங் கீரை. அதில் இனிப்புக் கிச்சாப்பை ஊற்றினால் நெத்திலியின் உப்புமணம் செத்துவிடும். அந்த இனிப்பு இந்தோனேசியர்களுடைய கோரேங்குக்கு உரியது, அங்கே கெச்சாப் மானிஸ்தான் உயிர். தாய்லாந்துக்காரர்கள் மீன் சாறு விட்டு, வெள்ளரியும் எலுமிச்சையும் வைப்பார்கள். சீனர்களின் யாங்ஜோ வகையில் இறாலும் முட்டையும் வெளிறித் தெரிய வேண்டும். கிச்சாப் ஊற்றிக் கறுக்கவிட்டால் அது யாங்ஜோ இல்லை. பட்டாயா என்பது தாய்லாந்து ஊரின் பெயர்தான், ஆனால் முட்டைப் போர்வைக்குள் சோற்றைச் சுருட்டித் தருவது நம் மலேசியக் கடைகளின் வழக்கம்.

பிலிப்பைன்ஸில் காலையில் சினாங்காக் என்று ஒன்று செய்கிறார்கள். பூண்டு, உப்பு, முந்தின நாள் சோறு, அவ்வளவுதான். பக்கத்தில் ஒரு முட்டை. பூண்டைப் பொன்னிறத்தில் நிறுத்தத் தெரிந்தவர்களுக்கு வேறெதுவும் வேண்டாம். பர்மாவில் மஞ்சளும் அவித்த பட்டாணியும் சேர்ப்பார்கள். தென் அமெரிக்காவில் பெரு நாட்டில் 1849 முதல் கூலி ஒப்பந்தத்தில் போன சீனர்கள் வழியாக அரோஸ் சௌஃபா உண்டானது. தோட்டக் கூலிகளாகக் கப்பலேறியவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். பிழைக்கப் போன இடத்தில் கிடைத்ததை வைத்து ஒரு சமையலை உண்டாக்குவது என்றால் என்னவென்று நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆகவே மெனுவில் நான்கு பெயர் மட்டும் எழுதுங்கள், நான்கும் நான்காக இருக்கட்டும்.

கிச்சாப்பைச் சோற்றின் மேல் கொட்டுவது

குவாலியின் ஓரத்தில் ஊற்றுங்கள். சுடு இரும்பில் பட்டுப் பொங்கினால்தான் மணம்.

பச்சைப் பெலாச்சான்

சுட்டுப் போடுங்கள்.

மீந்த கோரேங்

கடை மூடும்போது மீந்திருந்தால் மறுநாளைக்கு எடுத்து வைக்காதீர்கள். யாருக்கும் தபாவ் (பொட்டலம்) கட்டிக் கொடுக்கவும் வேண்டாம். கொட்டிவிடுங்கள்.