ஃபியட் எக்ஸ்1/9 காரை நடு எஞ்சின் பந்தயக் காராக உருவாக்குவது எப்படி

எஞ்சின் ஓட்டுநருக்குப் பின்னாலும் பின் அச்சுக்கு முன்னாலும் அமைந்த பந்தயக் கார் ஒன்றைச் சொந்தப் பட்டறையில் செய்ய விரும்புகிறவர், முன்னால் எஞ்சின் கொண்ட பழைய காரை வெட்டிப் பின்பகுதியைப் புதிதாகக் கட்ட முயல்வதைவிட, பிறப்பிலேயே எஞ்சின் நடுவில் அமைந்த காரை எடுத்துக்கொள்வதே நல்லது. அப்படிப்பட்டவற்றில் குறைந்த செலவில் கிடைத்துவந்த ஒன்று ஃபியட் எக்ஸ்1/9. பெர்டோனே நிறுவனத்தில் மார்செல்லோ காந்தினி வடிவமைத்து 1972-இல் வெளிவந்த இந்தக் கார், ஃபியட் 128 என்ற சாதாரணக் குடும்பக் காரின் எஞ்சினையும் கியர்பாக்ஸையும் அப்படியே எடுத்து இருக்கைகளுக்குப் பின்னால் குறுக்காக வைத்துக்கொண்டது. முதலில் 1290 சிசி எஞ்சினுடன் வந்து, பிறகு 1498 சிசியும் ஐந்து கியர்களும் பெற்றது. 1982-க்குப் பின் பெர்டோனேயின் பெயரிலேயே 1989 வரை விற்பனையானது. இதே காரைக் கொண்டு ஜாம்பாவ்லோ தல்லாரா 1970-களில் குரூப் 5 என்ற போட்டிப் பிரிவுக்கான பந்தயக் கார்களைச் செய்தார் என்பது, அடிப்படைக் கூட்டின் தகுதிக்குப் போதுமான சான்று.

பலரும் எஞ்சினிலிருந்து தொடங்குகிறார்கள். இருநூறு குதிரைத்திறன் தரும் எஞ்சினை வாங்கிப் பட்டறையின் மூலையில் வைத்துவிட்டால் வேலை பாதி முடிந்ததுபோல் ஒரு நிறைவு வந்துவிடுகிறது. ஆனால் இத்தகைய காரில் எளிதான பகுதி எஞ்சின்தான். ஓட்டுநர் அமரும் இடம், கூட்டின் விறைப்பு, தண்ணீரும் எண்ணெயும் போய்வரும் பாதை ஆகிய மூன்றும்தான் காரின் தலையெழுத்தைத் தீர்மானிக்கின்றன. ஆகவே எதையும் வாங்குவதற்கு முன், எந்தப் போட்டிப் பிரிவில் ஓட்டப் போகிறோம் என்று முடிவு செய்து, அதன் விதிநூலை முழுவதும் படித்துவிட வேண்டும். மலையேற்றப் போட்டிக்கு ஏற்கப்படும் மாற்றம் வட்டப்பாதைப் போட்டியில் தள்ளுபடியாகலாம். பற்றவைத்த குழாயை அறுத்து மறுபடி பற்றவைப்பது இரட்டைச் செலவு.

கார் வாங்கும்போது துருவைத் தவிர வேறெதையும் பெரிதாகப் பார்க்கத் தேவையில்லை. எஞ்சின் ஓடாவிட்டாலும், இருக்கைத் துணி கிழிந்திருந்தாலும் நமக்குக் கவலையில்லை. அவை எப்படியும் கழற்றப்படுபவை. சஸ்பென்ஷன் ஸ்ட்ரட்டுகளின் (ஸ்பிரிங்கும் அதிர்வுத் தணிப்பானும் சேர்ந்த தூண்களின்) மேல்முனை பொருந்தும் கோபுரங்கள், கதவுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் பெட்டிப் பகுதிகள், தரைத்தகடு, பயணி இருக்கைக்குப் பின்னாலுள்ள மாற்றுச் சக்கரக் குழி ஆகிய இடங்களை ஒரு சிறு சுத்தியலால் தட்டிப் பார்க்க வேண்டும். நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும். துரு தின்ற தகடு மந்தமாக ஒலிப்பதோடு, திருப்புளியின் முனையை அழுத்தினால் உள்ளே இறங்கியும் விடும். ஸ்ட்ரட் கோபுரம் உளுத்துப் போயிருந்தால், எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் அந்தக் காரை விட்டுவிடுவதே மேல். தரைத்தகட்டில் உள்ள ஓட்டையை அடைத்துவிடலாம்.

காரைக் கூடுவரை கழற்றிய பின், சமதளத் தரையில் நான்கு உறுதியான தாங்கிகளின் மேல் ஏற்றி ரசமட்டம் பார்த்து நிறுத்த வேண்டும். ஸ்ட்ரட் மேல்முனைகள், சக்கரத்தைக் கூட்டோடு இணைக்கும் கீழ்க் கைகள் பொருந்தும் துளைகள் ஆகியவற்றிலிருந்து தூக்குக்குண்டு விட்டுத் தரையில் புள்ளிகளைக் குறித்து, மூலைவிட்டங்களை அளந்து ஒப்பிட வேண்டும். நாற்பது ஆண்டுகள் ஓடிய காரில் பழைய விபத்தின் கோணல் இருந்தால் இங்கேதான் தெரியும். தொழிற்சாலைக் கணக்கில் முன் பின் அச்சுகளின் இடைவெளி 2202 மிமீ. வலப்பக்கமும் இடப்பக்கமும் இந்த அளவு ஒத்துவராத கூட்டின் மேல், கவிழும்போது ஓட்டுநரைக் காக்கும் குழாய்க் கூண்டான ரோல் கேஜைப் பற்றவைத்தால், கோணல் நிரந்தரமாகிவிடும். தரையில் குறித்த புள்ளிகளை அழியாத வண்ணத்தில் இட்டுவைத்தால் பிற்பாடும் பயன்படும்.

அடுத்து வருவது எஞ்சினன்று, இருக்கை. ஓட்டுநர் ஹெல்மெட்டும் பந்தய உடையும் அணிந்து, இருக்கையில் அமர்ந்து, மிதிகளை முழுவதும் அழுத்திப் பார்த்து, ஸ்டியரிங் எட்டும் தூரத்தைச் சரிசெய்த பிறகே குழாய் வளைக்கத் தொடங்க வேண்டும். எக்ஸ்1/9-இன் உள்ளறை குறுகலானது; உயரமானவர் இருக்கையைத் தரைத்தகட்டின் மேல் நேரடியாகப் பொருத்தினாலொழிய ஹெல்மெட்டுக்கும் குழாய்க்கும் இடையே போதிய இடைவெளி கிடைக்காது. தோள் வார்கள் இருக்கையின் மேல்விளிம்பிலிருந்து பின்னோக்கிக் கிடைமட்டத்துக்குக் கீழே 45 பாகைக்கு மேல் இறங்கக் கூடாது என்பதும், 10 பாகைக்குள் இருப்பது விரும்பத்தக்கது என்பதும் உலக மோட்டார் பந்தய ஆட்சியமைப்பான எஃப்ஐஏ வகுத்த வழிகாட்டுதல். இந்தக் கோணத்தைக் கொண்டே வார் கட்டும் குறுக்குக் குழாயின் உயரம் முடிவாகிறது. அதாவது இருக்கைதான் கேஜை நிர்ணயிக்கிறது.

கேஜுக்கு வழக்கமான தண்ணீர்க் குழாயோ தையலிட்ட குழாயோ உதவாது. எஃப்ஐஏ விதிநூலின் பின்னிணைப்பு ஜே, பிரிவு 253-இன்படி, குறைந்தது 350 மெகாபாஸ்கல் இழுவலிமை கொண்ட, குளிர்நிலையில் இழுத்த, தையலற்ற கார்பன் எஃகுக் குழாய் வேண்டும். ஓட்டுநருக்குப் பின்னால் நிற்கும் முதன்மை வளைவுக்கு 45 × 2.5 மிமீ அல்லது 50 × 2.0 மிமீ, மற்ற உறுப்புகளுக்கு 38 × 2.5 அல்லது 40 × 2.0 மிமீ. முதன்மை வளைவின் கால்கள் தகட்டில் நேராக நிற்கக் கூடாது. குறைந்தது 3 மிமீ தடிமனும் 120 சதுர செமீ பரப்பும் கொண்ட வலுவூட்டுத் தகடுகளின் மேல் நிற்க வேண்டும். நடு எஞ்சின் காரில் கேஜுக்கு உயிர் காப்பதைத் தாண்டி இன்னொரு வேலையும் உண்டு. முதன்மை வளைவிலிருந்து பின்னோக்கி இறங்கும் தாங்குகுழாய்களைத் தீத்தடுப்புச் சுவர் வழியாகப் பின் ஸ்ட்ரட் கோபுரங்கள் வரை கொண்டுபோய்ச் சேர்த்தால், காரின் எடையில் பெரும்பகுதியைத் தாங்கும் பின்பகுதி முறுக்கத்துக்கு அசையாமல் நிற்கும். கூடு முறுக்கிக்கொடுத்தால் ஸ்பிரிங் மாற்றுவதோ, வளைவில் கார் சாய்வதைக் குறைக்கும் ஆண்டி ரோல் பார் மாற்றுவதோ ஓட்டத்தில் எதிரொலிக்காது.

பற்றவைக்கும்போது எல்லா இணைப்புகளையும் முதலில் புள்ளிப் பற்றுகளாக மட்டும் போட்டு, அளவுகளை மறுபடி சரிபார்த்து, பிறகு இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என மாறி மாறி முழுப் பற்றவைப்பை முடிக்க வேண்டும். ஒரே பக்கமாகப் போனால் வெப்பம் கூட்டை இழுத்துவிடும். தொழில்முறைப் பற்றவைப்பாளர் அல்லாதவர் இந்த ஒரு வேலையைக் கூலி கொடுத்துச் செய்வித்துக்கொள்வதே அறிவுடைமை.

இப்போது எஞ்சின். 1498 சிசி ஃபியட் எஞ்சின் ஐரோப்பிய வடிவில் 85 குதிரைத்திறன் மட்டுமே தந்தது. அதை இழுத்துப் பிழிவதைக் காட்டிலும் ஹோண்டாவின் கே20 எஞ்சினை மாற்றி வைப்பது பலர் தேர்ந்துள்ள வழி. 1998 சிசி கே20ஏ2 சுமார் 200 குதிரைத்திறன் தருகிறது. அதனுடன் ஆறு கியர் பெட்டியும் கிடைக்கிறது. முன்சக்கர இயக்கக் காரின் குறுக்கு எஞ்சினைத் திசை மாற்றாமல் அப்படியே பின்னால் நகர்த்துவதால் சக்கரங்கள் சுழலும் திசை மாறுவதில்லை. கியர்பாக்ஸைப் பிரித்து எதையும் திருப்ப வேண்டியதும் இல்லை. கே20-இல் இன்னொரு வசதி, காற்று உள்வரும் பக்கம் முன்னோக்கியும் புகை வெளியேறும் பக்கம் பின்னோக்கியும் இருப்பதால், கொதிக்கும் புகைக்குழாய் ஓட்டுநரின் முதுகுச் சுவரை விட்டு விலகியே நிற்கிறது.

எஞ்சினைத் தாங்கும் மவுண்டுகளைச் செய்யும் முன் காலி எஞ்சின் பிளாக்கையும் கியர்பாக்ஸ் உறையையும் மட்டும் இணைத்துத் தூக்கிவைத்துப் பார்த்தால், எடை குறைவாக இருப்பதால் மில்லிமீட்டர் கணக்கில் நகர்த்த முடியும். இங்கே எஞ்சினை இடவலமாகச் சரிநடுவில் வைக்க ஆசைப்படக் கூடாது. இரு சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரென்ஷியலின் வெளிமுனைகள் சக்கர மையங்களுக்கு நேராக வருவதே முதன்மை. மேலிருந்து பார்த்தால், அங்கிருந்து சக்கரத்துக்குப் போகும் டிரைவ் ஷாஃப்ட் முன்பின்னாகச் சாயாமல் இருக்க வேண்டும். உள்முனையில் ஹோண்டா ஜாயின்ட், வெளிமுனையில் ஃபியட் ஜாயின்ட் என்று அமையும் ஷாஃப்ட்டைப் புதிதாகச் செய்விக்கவே நேரும். அதன் நீளத்தை அளக்க, ஸ்பிரிங்குகளை நீக்கி, ஜாக்கியால் சக்கரத்தை அடிமட்டத்திலிருந்து மேல்மட்டம் வரை ஏற்றி இறக்கி, இரண்டு முனைகளுக்கும் இடைப்பட்ட தூரம் எங்கே மிகக் குறைகிறது, எங்கே மிகக் கூடுகிறது என்று இரண்டையும் குறித்துக்கொள்ள வேண்டும். குறைந்த தூரத்திலும் ஜாயின்ட் அடி முட்டக் கூடாது. கூடிய தூரத்திலும் கழன்றுவிடக் கூடாது.

கே20 கியர்பாக்ஸ் கேபிளால் இயங்குவது நமக்குப் பெரிய ஆறுதல். ஆனால் முன்சக்கரக் காரில் கேபிள் கியர் தண்டிலிருந்து முன்னோக்கிப் போகிறது. இங்கே பின்னோக்கிப் போகிறது. கேபிள் வந்து சேரும் திசை மாறும்போது முதல் கியர் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டாவது கியர் வந்து நிற்கக்கூடும். கேபிளை ஆர்டர் கொடுக்கும் முன் கையால் தள்ளி இழுத்து வரிசையைச் சரிபார்த்துவிட வேண்டும்.

இத்தகைய காரை உண்மையில் வீழ்த்துவது சூடு. ரேடியேட்டர் மூக்கில், எஞ்சின் முதுகில். இரண்டையும் இணைக்கும் நீண்ட குழாய்கள் காரின் தரைக்கடியில் ஓடுகின்றன. தொழிற்சாலையின் இரும்புக் குழாய்கள் உள்ளே துருப்பிடித்துச் சுருங்கியிருக்கும் என்பதால், சுமார் 32 மிமீ விட்டமுள்ள அலுமினியக் குழாய்களை இட்டு, முனைகளில் ஹோஸ் நழுவாதபடி விளிம்பு எழுப்பிக்கொள்வது நலம். எண்ணெயோ தண்ணீரோ ஓட்டுநர் அறைக்குள் செல்ல நேர்ந்தால் இணைப்பு எதுவும் அறைக்குள் இருக்கக் கூடாது. நீண்ட பாதையில் காற்று எங்காவது சிக்கிக்கொண்டால், தண்ணீர் நிறைந்திருப்பதுபோல் தோன்றினாலும் சிலிண்டர் ஹெட் கொதிக்கும். ஆகவே சுற்றில் எல்லாவற்றுக்கும் மேலான உயரத்தில் ஒரு விரிவுத் தொட்டியை வைத்து, ரேடியேட்டரின் உச்சியிலிருந்தும் சிலிண்டர் ஹெட்டின் உச்சியிலிருந்தும் மெல்லிய ஹோஸ்களை அதற்குக் கொண்டுவர வேண்டும். சிக்கிய காற்று ஓட்டத்திலேயே தொட்டிக்கு ஏறிவிடும். வெப்பத்துக்கேற்பத் தண்ணீரைத் திறந்துவிடும் தெர்மோஸ்டாட், கே20-இல் ரேடியேட்டரிலிருந்து தண்ணீர் திரும்பும் பக்கத்தில் இருப்பதால், ஹீட்டர் தேவையில்லை என்று அதன் வழியை அடைத்துவிடாமல், சூடான தண்ணீர் தெர்மோஸ்டாட்டை எட்டும்படி ஒரு ஹோஸால் சுற்றி இணைத்துவிடுவது நல்லது. ரேடியேட்டருக்கு முன்னால் காற்று நுழையும் வாயைச் சுற்றி அலுமினியத் தகட்டால் இடைவெளியின்றி அடைத்தால்தான் காற்று ரேடியேட்டரின் ஊடே போகும். இல்லாவிட்டால் எளிய வழியாகப் பக்கவாட்டில் நழுவிவிடும். வெளியேறும் சூடான காற்றைத் தரைக்கடியில் தள்ளாமல் பானட்டில் திறப்பு வெட்டி மேலே விட்டால், முன்பக்கம் தூக்கப்படுவதும் குறையும்.

எஞ்சினின் அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டிக்குத் தடுப்புத் தகடுகள் கட்டாயம். நீண்ட வளைவில் எண்ணெய் ஒருபுறம் ஒதுங்கிப் பம்பு காற்றை உறிஞ்சினால் பேரிங் சில நொடிகளில் போய்விடும். ஃபியட்டின் பழைய பெட்ரோல் தொட்டி ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் உள்ளது. அதை நீக்கிவிட்டு எஃப்ஐஏவின் எஃப்டி3-1999 தரத்திலான பாதுகாப்புத் தொட்டியை வைக்க வேண்டும். மின் துண்டிப்புச் சுவிட்சு பேட்டரியை மட்டும் துண்டித்தால் போதாது. ஓடும் எஞ்சினுக்கு ஆல்டர்னேட்டரே மின்சாரம் கொடுத்துக்கொண்டிருக்கும். எஞ்சினையும் சேர்த்து நிறுத்தும் பல்முனைச் சுவிட்சு தேவை.

பிரேக்கில் எக்ஸ்1/9 நான்கு சக்கரங்களுக்கும் டிஸ்க் கொண்டது, மிதிக்கும் விசையைப் பெருக்கும் சர்வோ இல்லாதது. பந்தயத்துக்கு இது வரப்பிரசாதம். மிதியின் விசையைப் பிரேக் எண்ணெயின் அழுத்தமாக்கும் மாஸ்டர் சிலிண்டர்கள் இரண்டும், அவற்றுக்கு அந்த விசையைப் பங்கிடும் சமன் தண்டும் உள்ள மிதிப்பெட்டியை வைத்து, எந்த நிலையிலும் முன்சக்கரமே முதலில் பூட்டும்படி அமைக்க வேண்டும். பின்னால் எடை மிகுந்த கார் பிரேக்கின்போது பின்பக்கம் சுழன்றால் மீட்பது அரிது. அதே காரணத்தால் பின்சக்கரங்களின் முன்விளிம்புகள் சற்றே உள்நோக்கி இருக்க வேண்டும்; சக்கரம் ஏறி இறங்கும்போது அந்தக் கோணம் வெளிநோக்கி மாறுகிறதா என்று 10 மிமீக்கு ஒருமுறை அளந்து, கைகளின் உள்முனை உயரத்தை மாற்றித் திருத்த வேண்டும்.

கடைசியாக நான்கு தராசுகளின் மேல் எடை பார்ப்பது. ஓட்டுநர் இருக்கையில் இருக்க, தேவையான பெட்ரோல் தொட்டியில் இருக்க, முன் இடம் 160, முன் வலம் 152, பின் இடம் 232, பின் வலம் 236 கிலோ காட்டுவதாகக் கொள்வோம். மொத்தம் 780, முன்பக்கம் 40 விழுக்காடு. மூலைவிட்டமாக எதிரெதிரே உள்ள முன் வலத்தையும் பின் இடத்தையும் கூட்டினால் 384, அதாவது 49.2 விழுக்காடு. இது 50 ஆக வேண்டும். பின் இட ஸ்பிரிங்கின் இருக்கையை அரைச் சுற்று உயர்த்தினால் பின் இடமும் முன் வலமும் சேர்ந்து எடை கூடும். மற்ற இரண்டிலும் குறையும். ஒவ்வொரு திருத்தத்துக்குப் பின்னும் காரை முன்பின் உருட்டி, சஸ்பென்ஷனை அழுத்தி விட்டு, மறுபடி அளக்க வேண்டும். இந்தச் சமன் தவறினால் கார் இடது வளைவில் ஒருவிதமாகவும் வலது வளைவில் வேறுவிதமாகவும் நடந்துகொள்ளும்.

முதல் ஓட்டத்தில் வேகம் தேடக் கூடாது. எல்லா முக்கிய போல்ட்டுகளையும் குறித்த முறுக்கத்தில் இறுக்கி, தலைக்கும் தகட்டுக்கும் குறுக்கே வண்ணக் கோடு இழுத்துவிட்டு, மூன்று சுற்று மெதுவாக ஓட்டித் திரும்ப வேண்டும். கோடு உடைந்திருக்கும் போல்ட் தளர்ந்த போல்ட். எண்ணெய் அழுத்தம், தண்ணீர் வெப்பம், டிரைவ் ஷாஃப்ட் ரப்பர் உறைகள், பிரேக் குழாய்கள் டயரில் உரசிய தடம் ஆகியவற்றைப் பார்த்து, எஞ்சின் ஆறிய பின் விரிவுத் தொட்டியைத் திறந்து குறைந்த தண்ணீரை நிரப்ப வேண்டும். காற்று வெளியேறியதால் அரை லிட்டர் குறைவது இயல்பு. அடுத்த ஓட்டத்துக்குப் பின்னும் அதே அளவு குறைந்தால் கசிவைத் தேட வேண்டும்.