வெளிநாட்டுப் பயணத்தின் முதல் நாள்: துணையோடு போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டிக்கெட்டில் 15ஆம் தேதி 00:40 என்று போட்டிருந்தால், வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டியது 14ஆம் தேதி சாயங்காலம். கேட்டால் எல்லோரும் இது தெரியாதா என்பார்கள். ஆனாலும் 15ஆம் தேதி ராத்திரி சாவகாசமாகச் சாப்பிட்டுவிட்டு மீனம்பாக்கத்தில் போய் நின்றவர்கள் இருக்கிறார்கள். சென்னையிலிருந்து கிழக்கே போகும் விமானங்களில் பல நள்ளிரவை ஒட்டியே புறப்படுவதால் இந்தத் தவறுக்கு நம் பக்கத்தில் வாய்ப்பு அதிகம். இருவராகப் போனால் ஒருவராவது கவனிப்பார் என்று தோன்றும். நடப்பது நேர்மாறு. அவர் பார்த்திருப்பார் என்று இவர் இருப்பார், இவர் பார்த்திருப்பார் என்று அவர் இருப்பார்.

நம் வேலூரிலிருந்து சென்னை விமான நிலையம் ஏறத்தாழ 130 கிலோமீட்டர். மூன்று மணி நேரத்தில் போய்விடலாம் என்பது காலியான சாலைக்குப் பொருந்தும் கணக்கு. ஸ்ரீபெரும்புதூரில் தொழிற்சாலை பஸ்கள் வெளியே வரும் நேரத்தில் அது பொருந்தாது. சர்வதேச விமானங்களுக்குப் பெரும்பாலும் ஒரு மணி நேரம் இருக்கும்போதே செக்-இன் கவுண்டரை மூடிவிடுவார்கள். மூன்று மணி நேரம் முன்னால் அங்கே இருக்க வேண்டும், வழிக்கு நான்கு மணி நேரம் என்று வைத்துக்கொண்டால் மாலை ஐந்தரைக்கே கார் நகர்ந்தாக வேண்டும். காட்பாடியில் ரயில் ஏறி, சென்ட்ரலில் மெட்ரோ பிடிப்பதும் நல்ல வழிதான். ஆனால் மெட்ரோ இரவு 11 மணி வாக்கில் ஓய்ந்துவிடும். வழியனுப்ப வேன் நிறையச் சொந்தக்காரர்களை ஏற்றிக்கொண்டு, ஆளுக்கொரு இடத்தில் டீக்கு நிறுத்தும் பழக்கத்தை இந்த ஒரு நாளாவது விட்டுவிடலாம்.

இப்போது தூக்கத்தின் கணக்கைப் பாருங்கள். 14ஆம் தேதி காலை ஆறு மணிக்கு எழுந்தவர், நள்ளிரவு தாண்டி விமானம் ஏறி, நான்கு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகப் பறந்து, சிங்கப்பூரில் காலை ஏழேகால் வாக்கில் இறங்குகிறார். அங்கே நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால். ஓட்டல் அறையோ பெரும்பாலும் மதியம் இரண்டு, மூன்று மணிக்குத்தான் கிடைக்கும். மூன்று மணி என்றால் நம் ஊரில் பகல் பன்னிரண்டரை. விமானத்தில் கண் அசந்த கொஞ்ச நேரத்தைக் கழித்துவிட்டால், முப்பது மணி நேரமாக விழித்திருக்கும் ஆள் அவர். என் கணிப்பில், முதல் நாள் மனத்தாங்கலுக்கு முதல் காரணம் இதுதான். புருஷன் பெண்டாட்டியானாலும் கல்லூரித் தோழர்களானாலும், தூங்காத இரண்டு பேர் வெயிலில் பெட்டியை இழுத்துக்கொண்டு நடந்தால் பேச்சு தடிக்காமல் என்ன செய்யும்?

ஆகவே முதல் நாள் காலைக்கு நேரம் குறித்த நுழைவுச் சீட்டு எதையும் வாங்காதீர்கள். ஓட்டலுக்கு நேரே போய்ப் பெட்டிகளை வரவேற்பு மேசையில் ஒப்படைத்தால், அறை தயாராகும் வரை வைத்துக்கொள்வார்கள். இதற்குப் பெரும்பாலும் தனிக் கட்டணம் கிடையாது. கேட்கக் கூச்சப்பட்டே பலர் பெட்டியோடு அலைகிறார்கள். பிறகு பக்கத்தில் எங்காவது சாப்பிட்டுவிட்டு நிழலில் உட்காருங்கள். சிங்கப்பூர் போயும் முதல் வேளை நம்மூர்க் கடைகள் நிறைந்த சிராங்கூன் சாலையில் இட்லியா என்று கூட வந்தவர் கேலி செய்தால், செய்யட்டும். தூங்காத வயிற்றுக்குப் பழகிய சாப்பாடு நல்லதுதான்.

இரண்டாவது பெரிய தவறு, எல்லாவற்றையும் ஒருவர் கையில் கொடுத்துவிடுவது. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வைத்தியத்துக்காகக் காட்பாடியில் வந்து இறங்கும் வங்காளக் குடும்பங்களை நாம் தினமும் பார்க்கிறோம். ஃபைல், பணம், லாட்ஜ் முகவரி எல்லாம் ஒருவரிடம் இருக்கும். அவர் ஆட்டோ பேசப் போன நேரத்தில், பைகளோடு பிளாட்பாரத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் யாராவது எங்கே போக வேண்டும் என்று கேட்டால் அவருக்குப் பதில் தெரியாது. சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் இறங்கும் நாமும் அதே நிலையில்தான் இருக்கிறோம். குடியுரிமைச் சோதனைக் கவுண்டரில் நண்பர்களும் உறவினர்களும் பெரும்பாலும் தனித்தனியாகத்தான் போக வேண்டியிருக்கும். குடியாத்தத்திலிருந்து மாமாவோடு போன ஒரு பையனிடம் அதிகாரி, எங்கே தங்குகிறாய் என்று கேட்டிருக்கிறார். அவன் திரும்பி நின்று, "மாமா, ஓட்டல் பெயர் என்ன?" என்று அடுத்த வரிசையைப் பார்த்துக் குரல் கொடுத்தான். மாமாவின் போனில் சிக்னல் இல்லை. முன்பதிவு மின்னஞ்சலில் இருந்தது. பையனைத் தனியே உட்காரவைத்து விசாரித்து அனுப்பினார்கள்.

இதற்கு வைத்தியம் ஆளுக்கொரு தாள். ஓட்டல் பெயர், முகவரி, திரும்பி வரும் விமானத்தின் எண், துணையின் போன் எண், நம் தூதரகத்தின் எண் ஆகியவற்றை எழுதி அவரவர் பாஸ்போர்ட்டுக்குள் வைத்துக்கொள்ளலாம். சிங்கப்பூருக்குப் போகிறவர்கள் வருகை அட்டையை, இறங்கும் நாளையும் சேர்த்து மூன்று நாட்களுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். இது விசாவுக்கு மாற்று அல்ல. விசா தனியே வேண்டும். அட்டைக்குக் கட்டணம் கிடையாது. பணம் கேட்கும் தளம் அரசாங்கத்தின் தளம் அல்ல என்று அதிலேயே தெரிந்துகொள்ளலாம். பாஸ்போர்ட்டில் முத்திரை குத்துவதற்குப் பதிலாக அங்கே தங்கும் அனுமதியை மின்னஞ்சலில் அனுப்புகிறார்கள். இருவருக்கும் ஒரே மின்னஞ்சல் முகவரியைக் கொடுத்திருந்தால் துணைக்கு வர வேண்டியதும் உங்களுக்கே வந்து சேரும். அவரவர் முகவரியைக் கொடுங்கள்.

பெட்டியை அடுக்கும்போது உனக்கொன்று எனக்கொன்று என்று பிரிக்காதீர்கள். ஒருவருடைய பெட்டி வராமல் போனால் முதல் நாளே அவர் மாற்றுத் துணி இல்லாமல் நிற்பார். இருவர் பெட்டியிலும் இருவர் துணியும் இருக்கட்டும். மாத்திரை, இன்சுலின், மருத்துவர் சீட்டு ஆகியவை கைப்பையில்தான் வர வேண்டும். பவர் பேங்கும் அப்படியே. அதைச் சரக்கில் போடக்கூடாது. முக்கியமாக, வீட்டில் அரைத்துக் கொடுத்த மசாலாப் பொடியில் என்ன சேர்த்திருக்கிறது என்று அம்மாவிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். நம் குருமாவுக்கு மணம் தரும் கசகசா சிங்கப்பூர், சவூதி, ஐக்கிய அரபு அமீரகம் ஆகிய நாடுகளில் தடை செய்யப்பட்ட பொருள். அது அபின் செடியின் விதை என்பதே காரணம். "அத்தை கொடுத்தது, எனக்குத் தெரியாது" என்பது சுங்கத்தில் எடுபடாது. ஆம்பூர் பிரியாணியையும் ஊரிலேயே சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள். இறைச்சிக்குப் பல நாடுகளில் கடுமையான கட்டுப்பாடு இருக்கிறது.

ஆம்பூர் என்றதும் ஷூ நினைவுக்கு வருகிறது. புதுத் தோல் ஷூவை முதல் நாளில் போட்டுக்கொண்டு கிளம்பாதீர்கள். பல மணி நேரம் உட்கார்ந்து வந்த கால் வீங்கியிருக்கும். குதிகால் உரிந்துவிட்டால் மிச்சப் பயணம் முழுக்கத் துணை உங்களுக்காக மெதுவாக நடக்க வேண்டும்.

பணத்தில் நடக்கும் தவறு சின்னதாகத் தொடங்கும். 2020 முதல் ரிசர்வ் வங்கியின் விதிப்படி, புதிதாகக் கொடுக்கும் கார்டு உள்நாட்டில் மட்டும்தான் வேலை செய்யும். வெளிநாட்டுப் பயன்பாட்டை நாம்தான் வங்கிச் செயலியில் திறந்துவிட வேண்டும். இருவருமே இதை வேலூரிலேயே செய்துவிடுங்கள். அங்கே போய்ச் செய்ய ஓ.டி.பி. வேண்டும், அதற்கு ரோமிங் வேண்டும். கடையில் கார்டு இயந்திரம் ரூபாயிலா உள்ளூர்ப் பணத்திலா என்று கேட்டால் உள்ளூர்ப் பணத்தையே தேர்ந்தெடுங்கள். ரூபாய் என்றால் மாற்று விகிதத்தில் கூடுதலாகப் பிடித்துக்கொள்வார்கள். பொதுச் செலவுக்கு இருவரும் சம அளவு பணம் போட்டு ஒரு பர்ஸ் வைப்பது நல்லது. அதற்குப் பிறகு ஒவ்வொரு காபியையும் ரூபாயால் பெருக்கிச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே வரும் துணையைப் போலச் சலிப்பூட்டுபவர் வேறு யாரும் இல்லை.

ரயிலில் பிரிந்துவிட்டால் என்ன செய்வதென்று ஏறுவதற்கு முன்பே பேசிவையுங்கள். கதவு மூடி ஒருவர் உள்ளே, ஒருவர் வெளியே என்றாகிவிட்டால், உள்ளே போனவர் அடுத்த நிலையத்தில் இறங்கி அதே பிளாட்பாரத்தில் நிற்க வேண்டும். வெளியே நிற்பவர் அடுத்த ரயிலில் வர வேண்டும். இருவரும் ஒருவரையொருவர் தேடி எதிரெதிர் ரயிலில் ஏறினால் அன்று பொழுது போய்விடும்.

சாயங்காலம் ஒருவருக்கு வெளியே போக ஆசை வரும், மற்றவருக்குக் கண் திறக்காது. இழுத்துக்கொண்டு போகவும் வேண்டாம், முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவும் வேண்டாம். போகிறவர் தனியே போய் வரட்டும். அதற்காக அறைக்குப் போகும்போதே இரண்டு சாவி அட்டைகள் கேட்டு வாங்குங்கள். பல ஓட்டல்களில் கதவருகே உள்ள பொந்தில் அந்த அட்டை செருகியிருந்தால்தான் விளக்கும் ஏசியும் ஓடும். ஒரே அட்டையை உருவிக்கொண்டு நீங்கள் கிளம்பினால், தூங்குகிறவர் சிறிது நேரத்தில் வியர்த்து எழுந்துவிடுவார்.