பழைய ஆடியோ மிக்சரில் லெவல் குமிழ் கரகரத்தால்

செகண்ட்ஹேண்ட் மிக்சரில் லெவல் குமிழைத் திருப்பும்போதெல்லாம் ஹெட்போனில் கரகரவென்று கேட்டது. பெரும்பாலும் பொட்டென்ஷியோமீட்டருக்குள் (குமிழுக்கு அடியில் இருந்து ஒலி அளவைக் கூட்டிக் குறைக்கும் பாகம்) கார்பன் தடத்தில் சேர்ந்த அழுக்குதான் காரணம். பவர் கேபிளைக் கழற்றி, உள்ளே தேங்கிய மின்சாரம் வடியச் சற்று நேரம் விட்டு, மூடியைத் திறந்தேன். அந்தப் பாகத்தின் மூன்று கால்களுக்கு மேலே தெரியும் சின்ன இடுக்கில் கான்டாக்ட் கிளீனரை (மின் தொடர்புப் பகுதிகளைச் சுத்தம் செய்யும் ஸ்ப்ரே) ஒரு நொடி மட்டும் அடித்து, குமிழை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை 20, 30 முறை திருப்பினேன். அழுக்கை உண்மையில் துடைப்பது இந்தத் திருப்பல்தான். திரவம் மட்டும் போதாது. நன்றாக உலர்ந்தபிறகே கரண்ட் கொடுக்கலாம். சாதாரண டபிள்யூடி-40 வேண்டவே வேண்டாம், எண்ணெய்ப் பிசுக்கு தங்கித் தூசியை இழுக்கும்.

அப்படியும் போகவில்லையா? நடுக்காலுக்கும் கிரவுண்டுக்கும் இடையே மல்டிமீட்டரில் டிசி வோல்டேஜ் பாருங்கள். பூஜ்யத்தை ஒட்டி இல்லாவிட்டால், முன்னாலுள்ள கப்ளிங் கெப்பாசிட்டர் (டிசியைத் தடுத்து ஒலி சிக்னலை மட்டும் விடும் பாகம்) கசிகிறதா என்று சந்தேகப்படலாம். அதே மைக்ரோஃபாரட், குறையாத வோல்ட் அளவில் மாற்றுங்கள்.